நான் எழுதாமல் விட்ட பெயர்

அன்பு மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் உன் பேச்சை வாசித்துக் காட்டினாய். அடுத்த மாதம் புதிய ஆய்வுகூடத்தைப் பொறுப்பெடுக்கிறாய். முதல் நாளே எல்லோரையும் கூட்டி வைத்து, இதுவரை இப்படியான இடங்களின் வாசலோடு நின்றுவிட்ட ஆட்களை உள்ளே எடுப்பதுதான் உன் முதல் வேலை என்று சொல்லப்போகிறாய். அது நல்ல பேச்சு. நீ சின்ன வயதில் மேடையில் ஏறினால் காலை மாற்றி மாற்றி நிற்பாய். இப்போது இப்படியெல்லாம் பேசுகிறாய் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு பேச்சில் என்னைப் பற்றிய இடத்துக்கு வந்தாய். "யுத்த காலத்தில் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்த ஒரேயொரு தமிழ்ப் பெண் என் அம்மா. பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறந்துவைத்தவர்" என்று வாசித்துவிட்டு, "எப்பிடி அம்மா?" என்று கேட்டாய். "நல்லா இருக்கு ராசா" என்றேன். அது பொய். தொலைபேசியை வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன்.

இன்று வெள்ளிக்கிழமை. இந்த ஐந்து நாளில் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நீ உடனே டொக்டரிடம் போ என்பாய். டொக்டர் பார்க்கிற வருத்தம் இல்லை இது. நான் வழி திறக்கவில்லை, தம்பி. உள்ளே வந்துவிட்ட ஒரு பிள்ளையை, யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், என் கையாலேயே வெளியே போகச் செய்தேன். நான் "ஒரேயொரு" தமிழ்ப் பெண்ணும் இல்லை. அங்கே இருவர் இருந்தோம். நீ அந்தப் பேச்சைப் பேசுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை உனக்கு மட்டுமென்று நினைத்தும் எழுதவில்லை. உன் ஆய்வுகூடத்தில் இருக்கிறவர்களுக்கு அவர்களுடைய மொழியில் சொல்லலாம். வெட்கப்பட வேண்டியவள் நான், நீ இல்லை.

அந்த ஆய்வுகூடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. தண்ணீர் பரிசோதிக்கிற இடம் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், தொழிற்சாலைக் கழிவு எல்லாம் போத்தல்களில் வரும். அதில் உப்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு, குடிக்கலாமா கூடாதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் இருந்து காலி வீதி பஸ்ஸில் போய், இடையில் இரண்டு இராணுவச் சென்றியில் இறங்கி அடையாள அட்டை காட்டி, திரும்ப ஏறி, எட்டரை மணிக்குக் கையெழுத்து வைப்பேன். என் பிரிவில் தமிழர் வேறு யாரும் இல்லை. வெளியில் இருந்து ஆட்கள் வந்தால் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "எங்கள் தமிழ் மிஸ்" என்று அறிமுகப்படுத்துவார். அந்த மனிதர் அதை நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் தலையைக் குனிந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், என்னைக் காட்சிப் பொருளாக வைத்திருக்கிறார்கள் என்று குறைப்படுவேன். உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் போயிருக்கிறது.

பயமும் உண்மையானதுதான். உன் அப்பா புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் குமாஸ்தாவாக இருந்தவர். பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் அங்கே நீதிமன்ற வாசலில் குந்தியிருப்பதைத் தினமும் பார்த்துவிட்டு வருவார். ஆகவே நாங்கள் வாயை மூடக் கற்றுக்கொண்டோம், உனக்கும் கற்றுக்கொடுத்தோம். பஸ்ஸில் தமிழில் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது என்று உனக்கு ஆறு வயதிலேயே சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் பம்பலப்பிட்டிக்குக் கிட்ட, முன் ஆசனத்தின் இரும்புக்குள் உன் விரல் அகப்பட்டுக்கொண்டது. நீ கத்தவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. பஸ் நின்றபிறகுதான் நான் கண்டேன். நகம் கறுத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து மருந்து போட்டுக்கொண்டே, "என்ர கெட்டிக்காரப் பிள்ளை, சத்தமே போடேல்ல" என்று உன்னை மெச்சினேன். வலித்தால் கத்து என்று சொல்ல வேண்டிய தாய், கத்தாததற்குப் புத்தகமும் பென்சில் பெட்டியும் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பென்சில் பெட்டியை நீ சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தாய் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அந்தக் காலத்தில்தான் றெஜினா வந்தாள். கொழும்பிலேயே, முகத்துவாரத்தில் வளர்ந்த பிள்ளை. தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, கெட்டித்தனத்தால் பல்கலைக்கழகம் போய், இரசாயனத்தில் பட்டம் எடுத்திருந்தாள். முதல் நாளே எல்லோரோடும் சிநேகமாகிவிட்டாள். நான் பத்து வருஷம் இருந்தும் என் சிங்களம் தடக்கித் தடக்கித்தான் வரும். அவளுக்கோ அது வீட்டு மொழி மாதிரி. ஸ்டோர் பொறுப்பாளர் சோமபாலவை ஒருத்தரும் சிரிக்க வைத்ததில்லை. அவள் ஒரு கிழமையில் சிரிக்க வைத்தாள். அவரும் அவளை "நங்கி, நங்கி" என்று தங்கையாகவே கூப்பிடத் தொடங்கினார். மத்தியானம் கருவாட்டுக் குழம்போடு சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பாள், மேசை முழுக்க மணக்கும். எனக்குக் கூச்சமாக இருக்கும். "மிஸ், கொஞ்சம் போட்டுக்குங்க" என்று தமிழில் சொல்லி என் பக்கம் தள்ளுவாள். அவள் பேசுகிற தமிழும் எனக்குக் கூச்சம்தான். நான் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, இஞ்ச தமிழ் கதைக்காதையும்" என்றேன். "ஏன் மிஸ், நம்ம ரெண்டு பேர்தானே இருக்கோம்?" என்றாள். நான் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

பிறகு நகரத்தில் குண்டொன்று வெடித்தது. அந்தக் கிழமையே எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அமிலம், நைத்திரேற்று வகைகள் வைத்திருக்கிற ஸ்டோரை இனிப் பூட்டி வைக்க வேண்டும். அங்கிருந்து பொருள் எடுக்க அனுமதியுள்ளவர்களின் பட்டியலைப் பிரிவுப் பொறுப்பாளர் தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். தமிழர், சிங்களவர் என்று ஒரு சொல் அதில் இல்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் வேலையில் அந்த அனுமதி இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அமிலம் எடுக்க முடியாதவள் ஒரு பரிசோதனையையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தனியாகச் செய்ய முடியாது. அப்படிச் செய்த பரிசோதனைகள் ஒரு வருஷத்துக்குச் சொந்தக் குறிப்பேட்டில் இருந்தால்தான் அடுத்த பதவிக்கான நேர்முகத் தேர்வில் தேறலாம். இதுவும் எனக்குத் தெரியும். என் பிரிவுக்குப் பொறுப்பாளர் நான்தான், என்னோடு சேர்த்து ஆறு பேர். பேனையை எடுத்தேன். முதலாவதாக என் பெயரை எழுதினேன். பிறகு நான்கு பெயர்களை எழுதினேன். றெஜினாவை விட்டுவிட்டேன். ஒரு பட்டியலில் இரண்டு தமிழ்ப் பெயர் அதிகம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, மகனே. அதை நானே முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் சோமபால என் மேசைக்கு வந்தார். பணிப்பாளர் கையெழுத்து வைத்துப் பட்டியலை அவரிடம் கொடுத்திருந்தார். "அனே மிஸ், நங்கியின் பெயர் விடுபட்டுப் போயிருக்கிறதே. நான் பணிப்பாளர் சேரிடம் கேட்டேன். மிஸ் விரும்பினால் சேர்க்கட்டும் என்றார். இதோ அடியில் ஒரு வரி இருக்கிறது, எழுதுங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிப் பேனையையும் நீட்டினார். ஒரு சிங்கள மனிதர் ஒரு தமிழ்ப் பிள்ளைக்காக ஒரு தமிழ் மிஸ்ஸிடம் மன்றாடிக்கொண்டு நிற்கிறார். நான் அந்தப் பேனையை வாங்கவில்லை. "இப்ப தேவையில்லை" என்றேன். அவர் பட்டியலை மடித்து எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் றெஜினா வந்து, "என் பேர் ஏன் மிஸ் இல்ல?" என்று கேட்டாள். "மேலிடத்து முடிவு பிள்ளை. என்னால ஒண்டும் செய்ய ஏலாது. கொஞ்ச நாளைக்குப் பேசாமல் இரும், உமக்கும் அதுதான் பாதுகாப்பு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அவள் என்னோடு தமிழில் ஒரு சொல் பேசவில்லை, எல்லாம் சிங்களம்தான். நான் சொன்னதைக் கேட்டு நடக்கிறாள், புத்தியுள்ள பிள்ளை என்று நினைத்தேன்.

ஒன்றரை வருஷம் அவள் போத்தல் கழுவினாள். வருகிற போத்தல்களுக்கு இலக்கம் ஒட்டினாள். தண்ணீரின் கலங்கல் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அளந்து மற்றவர்களின் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தாள். அவளுக்குப் பிறகு சேர்ந்த பொடியன் அவளிடமே கேட்டுக் கேட்டு வேலை பழகி, தன் பெயரில் குறிப்பேட்டை நிரப்பினான். ஒருமுறை அவன் எடுத்த அளவு பிழை என்று அவள் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது. திரும்பச் செய்து பார்த்தோம்; அவள் நினைத்ததே சரி. குறிப்பேட்டில் அவனுடைய பெயர்தான் போனது. நான் அதற்கும் கையெழுத்து வைத்தேன். இப்படி நான் வைத்த கையெழுத்துகளை எண்ணத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது.

நேர்முகத் தேர்வு வந்தது. மேசைக்குப் பின்னால் பணிப்பாளர், வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், பக்கத்தில் நான். பணிப்பாளர் அவளுடைய கோப்பைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு நல்ல பட்டம் இருக்கிறது. வந்த நாளிலிருந்து ஒரு முழுப் பரிசோதனையும் தனியாகச் செய்யவில்லையே, ஏன்?" என்று கேட்டார். அவருக்கு அந்தப் பட்டியல் மறந்தே போயிருந்தது. றெஜினா என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். சொல்லிவிடட்டும் என்றும் ஒரு மனம் சொன்னது. என் வாயைத் திறந்து, "சேர், அது என் முடிவு" என்று நான்கு சொல் சொல்லியிருக்கலாம். முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாசைத் தூக்கிக் குடித்தேன். அவள், "எனக்கு அந்த வேலையில் அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை, சேர்" என்றாள். பணிப்பாளர் கோப்பில் 'ஆர்வம் இல்லை' என்று எழுதினார். பணிப்பாளரைக் குற்றம் சாட்டப் பயந்துவிட்டாள், பாவம் என்று நினைத்தேன். அவளைப் பாவம் என்று நினைக்க எனக்கு எப்படித்தான் மனம் வந்ததோ தெரியவில்லை.

மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். பொரளையில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள் என்று சோமபால சொன்னார். ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்து லீவும் போட்டுவிட்டுப் போனேன். அவள் வெள்ளை மேலங்கியோடு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றாள். "என்ன வேண்டும் மிஸ்?" என்று சிங்களத்திலேயே கேட்டாள். பனடோல் ஒரு கார்ட் கேட்டேன். எடுத்துத் தந்தாள். "மகன் எப்படி? விஞ்ஞானம்தான் படிக்கிறாரா?" என்றாள். ஓம் என்றேன். பனடோலோடு பஸ் ஏறினேன். அந்தப் பனடோலைத்தான் பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தபோது தந்தேன்.

பயத்தில் செய்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பாதி உண்மை. வேறோர் இடத்தில் அமிலம் வாங்கிய துண்டுச் சீட்டில் கையெழுத்து வைத்த தமிழ்ப் பொடியன் ஒருவனை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள் என்று கதை வந்தது. அது என் தூக்கத்தைக் கெடுத்தது உண்மை. ஆனால் அவளுடைய பாதுகாப்பு என்றால் என் பெயரையும் அல்லவா விட்டிருக்க வேண்டும்? மற்றப் பாதியைச் சொல்கிறேன். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளை எல்லோருக்கும் பிடித்தது. நான் பத்து வருஷம் குனிந்து குனிந்து பிடித்த இடத்தை அவள் நிமிர்ந்துகொண்டே பிடித்தாள். அதோடு, இதை எழுதக் கை கூசுகிறது, மூட்டை இறக்குகிறவரின் மகளும் நானும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைக்கும் சாதித் திமிருக்கும் நான் பயம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். யுத்த காலத்தில் அந்தப் பெயரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆகவே உனக்கு ஒன்று சொல்கிறேன். புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்காதே. பிழை விட்டவளுக்குத்தான் பிழை நடக்கிற இடம் தெரியும். வாசலில் நின்று தடுக்கிறவனை நீ கண்டுபிடித்துவிடுவாய், அவன் சத்தம் போடுவான். என்னைப் போன்றவளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உள்ளே வந்துவிட்ட ஒரே ஆள், ஒரே ஆளாகவே இருக்கப் பழகிவிடுவாள்; அந்தப் பெருமை அவளுக்கு இனித்துவிடும். நீ அவளை மேடையில் ஏற்றிக் காட்டக் காட்ட அது கூடும். உன் ஆய்வுகூடத்தில் 'ஒரேயொரு' என்று ஒருவரையும் வைத்திராதே. யாருக்காவது சாவியோ கருவியோ குறிப்பேடோ கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதவர் யார், ஏன் என்று எழுதி அவருடைய கையெழுத்தோடு அந்த ஆளிடமே கொடுக்கச் சொல். மேலிடத்து முடிவு என்று சொல்ல ஒருவரையும் விடாதே. அப்படியொரு தாளில் நான் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தால் அவளுடைய பெயரை எழுதியிருப்பேன், கோழைதானே நான்.

புதன்கிழமை ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முழங்கால் வலியோடு சந்து சந்தாக விசாரித்து அவளுடைய வீட்டைக் கண்டுபிடித்தேன். தலை நரைத்துவிட்டது, பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுப் பிளேன்ரீ ஊற்றித் தந்தாள். நான் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "தெரியும் மிஸ்" என்றாள், தமிழில். "சோமபால அண்ணன் அன்னைக்கே சொன்னாரு. அடியில வெறும் வரி இருந்ததே, அதையும் காட்டினாரு."

"தெரிஞ்சுமா அண்டைக்கு அப்பிடிச் சொன்னீர்?" என்று கேட்டேன்.

"நான் உண்மையைச் சொன்னா என்ன நடக்கும் மிஸ்? ரெண்டு தமிழாளுங்க அடிபடுறாங்கனு சிரிப்பாங்க. அதுக்குப் பிறகு உங்க பேரையும் எடுத்திருப்பாங்க. என்னோட கதை முடிஞ்சிடுச்சு, மிஸ்ஸாவது உள்ள இருக்கட்டும், பின்னால வாற நம்ம பிள்ளைக்கு உள்ள ஒரு ஆள் வேணும்தானேனு நினைச்சேன்." கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "நீங்க வந்து சொல்லுவீங்கனு ரொம்ப நாள் பார்த்தேன். பனடோல் வாங்கிட்டுப் போயிட்டீங்க" என்றாள். உன் பேச்சைப் பற்றிச் சொல்லி, அவளுடைய பெயரை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, ஒளிச்சு வைக்க என்ன இருக்கு" என்றாள்.

பிறகு, ஏதோ ஊர்ப் புதினம் விசாரிப்பது போலத்தான் கேட்டாள்: "நான் போன பிறகு யார் மிஸ் வந்தாங்க? எத்தனை பிள்ளைங்களை எடுத்தீங்க?"

நான் அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அந்த நேர்முகத் தேர்வு மேசையில் இருந்தவள், மகனே. எத்தனையோ விண்ணப்பங்கள் என் கையால் போயின. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

உன் அம்மா